1/96 அளவுப் போர்க்கப்பலுக்கு மேல்தள உறுப்புகளை நுணுக்கமாகச் செய்வது எப்படி?

கேள்வியின் சாரம் இது. எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் என்னும் பிரிட்டிஷ் குரூசரை, 1943ஆம் ஆண்டில் அது இருந்த தோற்றத்தில், 1/96 அளவில் கட்டி வருகிறீர்கள். உடலும் மேற்கட்டுமானமும் திருத்தமாக அமைந்துவிட்டன. ஆனால் விலைக்கு வாங்கிய சிறு பீரங்கிகளும் படகுகளும் கைப்பிடி வேலிகளும் தடித்துப் பொம்மையின் உறுப்புகளைப் போலத் தெரிகின்றன. அவற்றை நீங்களே செய்துகொள்ள முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று போதுமா, அல்லது உலோக வேலையும் கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டும் என்பதே என் பதில். ஆயினும் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னால் தடிமனைப் பற்றித் தெளிவு பெற வேண்டும். ஓர் உறுப்பு உண்மையானதைப் போலத் தெரிவதற்கு முதற்காரணம் அதன் விளிம்புகள் சரியான தடிமனில் இருப்பதுதான். அதில் எத்தனை பாகங்கள் உள்ளன என்பது அதற்கு அடுத்த கேள்வி. 1/96 அளவில் அரை மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் தகடு, உண்மைக் கப்பலில் 48 மி.மீ. தடிமனுள்ள எஃகுக்குச் சமம். அதே தகட்டை 1/350 அளவில் பயன்படுத்தினால் அது 175 மி.மீ. கவசமாகிவிடும். கடையில் கிடைக்கும் உறுப்புகள் பொம்மைத்தனமாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்: திருகுகளும் ஆணிகளும் விடாமல் காட்டப்பட்டிருக்கும், ஆனால் அவை பதிந்திருக்கும் தகடு மூன்று நான்கு மடங்கு தடித்திருக்கும். ஆகவே ஒவ்வோர் உறுப்புக்கும் தனியாக ஒரு தாள் எடுத்து, உண்மை அளவை ஒரு பக்கமும் 96ஆல் வகுத்த அளவை மறுபக்கமும் எழுதி, அந்தத் தடிமனுக்கு ஏற்ற பொருள் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பித்தளையா ரெசினா (ஒளியில் இறுகும் அச்சுப் பிசின்) என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

அளவுகளை எங்கிருந்து எடுப்பது என்பதில் உங்கள் கப்பலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெல்ஃபாஸ்ட் 1971 முதல் லண்டனில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. தேடினால் ஆயிரக்கணக்கான அண்மைப் படங்கள் கிடைக்கும். ஆனால் அங்கே நிற்பது 1956 முதல் 1959 வரை நடந்த பெரும் புதுப்பிப்புக்குப் பிந்தைய கப்பல். பின்னல் சட்டக் கொடிமரங்களும் மூடிய கட்டளை மேடையும் இரட்டைக் குழல் 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கிகளும் அப்போது வந்தவை. நார்வேக்கு வடக்கே நடந்த நார்த் கேப் கடற்போரில் பங்கேற்ற 1943ஆம் ஆண்டுக் கப்பலில் முக்காலிக் கொடிமரங்களும் எட்டுக் குழல் பாம்பாம் பீரங்கிகளும் ஓர்லிகன் எனப்படும் 20 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இருந்தன. அதற்கு முந்தைய நிலையும் வேறு: 1939 நவம்பரில் கடற்கண்ணியில் சிக்கி, 1942இன் பிற்பகுதி வரை நீடித்த பழுதுபார்ப்பில்தான் உடலின் இருபுறமும் புடைப்பு சேர்க்கப்பட்டது. எனவே இன்றைய படங்களை, மாறாமல் தங்கிய உறுப்புகளுக்கு மட்டும் நம்புங்கள். 6 அங்குலப் பீரங்கிக் கூண்டுகளின் உருவம், கட்டுத்தறிகள், நங்கூரம் ஏற்றும் பொறி போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை. மற்றவற்றுக்குப் போர்க்காலப் படங்களும் கட்டியபடி வரையப்பட்ட கடற்படை வரைபடங்களுமே ஆதாரம். அத்தகைய பிரிட்டிஷ் வரைபடங்களின் பெருந்தொகுப்பு கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைபடமும் நிழற்படமும் முரண்பட்டால், தேதி உறுதியான நிழற்படத்தின் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. கப்பல் தளத்தில் வேலை செய்தவர்கள் வரைபடத்தை எல்லா இடத்திலும் பின்பற்றவில்லை.

இனி ஓர் உறுப்பை முழுமையாக எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் குழல் ஓர்லிகன் இதற்கு மிகப் பொருத்தமானது. சிறியது, கப்பலில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவது, பார்ப்பவர் கண்ணில் உடனே படுவது. இதைச் செய்யக் கற்றவருக்கு ஏனைய உறுப்புகளில் புதிதாக வரும் சிக்கல்கள் மிகக் குறைவு. இதன் குழல் வாய்த்துளை விட்டத்தைப் போல 70 மடங்கு நீளமுடையது, அதாவது 1400 மி.மீ.; 1/96 அளவில் 14.6 மி.மீ. வாய்த்துளை 20 மி.மீ., மாதிரியில் 0.21 மி.மீ. இவ்வளவு சிறிய துளையைக் கம்பியின் நுனியில் நடுவிலகாமல் இடுவது லேத் எனப்படும் கடைசல் இயந்திரம் வைத்திருப்பவர்க்கே கடினம். ஆனால் 27 கேஜ் துருப்பிடிக்காத எஃகு ஊசிக்குழாயின் உட்துளை 0.21 மி.மீ., வெளிவிட்டம் 0.41 மி.மீ. துளையை இடும் வேலையே இல்லாமல் போகிறது. பசை செலுத்தப் பயன்படும் மழுங்கிய முனை ஊசிகளை வாங்கினால் கையில் குத்தும் அபாயமும் இல்லை. குழாயை இடுக்கியால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். மெல்லிய அறுப்பு வட்டால் சுற்றறுத்து, முனையைக் கல்லில் தீட்டி, உள்ளே மெல்லிய கம்பியைச் செலுத்திப் பிசிறை நீக்க வேண்டும்.

குழலின் பின்பாதியைச் சுற்றி ஒரு பெரிய சுருள்வில் உண்டு; ஓர்லிகனின் முகத்தோற்றமே அதுதான். அச்சில் வரும் உறுப்புகளில் இது வெறும் வரியிட்ட உருளையாகப் போய்விடுகிறது. 0.1 மி.மீ. செம்புக் கம்பியை, குழலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த துரப்பணத் தண்டின்மேல் நெருக்கமாகச் சுற்றி, பிறகு மெதுவாக இழுத்து இடைவெளியைச் சீராக்கினால் உண்மையான வில்லே கிடைத்துவிடும். கம்பி சற்றே விரிந்து கொடுப்பதால் குழாயின்மேல் பிடிப்பாக ஏறும். பீரங்கியின் உடலை உலோகத்தில் செய்வதானால் சதுர வெட்டுடைய பித்தளைக் கோல் வேண்டும்; அதை அரத்தால் வடிவமைத்து, முன்முனையில் 0.42 மி.மீ. துளையிட்டுக் குழலைச் செருக வேண்டும். மேலே அமரும் 60 குண்டு கொள்ளும் உருளையை அச்சிட்டோ கடைந்தோ செய்யலாம். அதன் முகத்தில் உள்ள விலா வரிகள் தெரிய வேண்டுமென்றால் அச்சிடுவதே நல்லது. தோள்தாங்கிகளை 0.3 மி.மீ. கம்பியில் வளைத்து, தோள் பதியும் இடத்தை மட்டும் தட்டித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

கவசத் தகடுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உண்மையில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை அங்குலம், மாதிரியில் 0.13 மி.மீ. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடிமனில் விற்கப்படும் பித்தளை இடைத்தகடு 0.127 மி.மீ. இருக்கும், அளவுக்கு அளவு பொருந்துகிறது. இரு பாதிகளாக வெட்டி, படத்தில் காணும் கோணத்துக்கு வளைத்து, பின்புறத் தாங்குகம்பிகளோடு சால்டர் செய்யுங்கள், அதாவது எளிதில் உருகும் உலோகக் கலவையை உருக்கிப் பற்றவையுங்கள். பீடத்தைச் செய்யும் முன் உங்கள் கப்பலில் இருந்தது எந்த வகை என்று படத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கைச்சக்கரத்தைச் சுழற்றி உயர்த்தும் பீடமும் உயரம் மாறாத பீடமும் பார்வைக்கு வெவ்வேறானவை, பல மாதிரிகளில் இவை மாறிப்போய் நிற்கின்றன.

ஒன்றைச் செய்துவிட்டால் அடுத்து வருவது இன்னும் கடினமான கேள்வி: எல்லாவற்றையும் ஒன்றுபோலச் செய்வது எப்படி? வரிசையாக நிற்கும் பீரங்கிகளில் ஒன்றின் கவசம் கால் மி.மீ. உயர்ந்திருந்தாலும் கண் அதைப் பிடித்துவிடும். எல்லாமே கால் மி.மீ. உயர்ந்திருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே துல்லியத்தைவிட ஒருமைக்கு அதிக உழைப்பைச் செலவிடலாம் என்று துணிந்து சொல்வேன். இதற்கு வழி ஜிக் எனப்படும் பிடிசட்டங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சட்டம், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிறுத்தம், ஒவ்வோர் ஒட்டுக்கும் ஒரு பள்ளம் என்று அமைத்து, ஒரு பீரங்கியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காமல், ஒரு பாகத்தை எல்லாப் பீரங்கிகளுக்கும் முடித்த பிறகே அடுத்த பாகத்துக்குச் செல்ல வேண்டும். தேவையைவிட நான்கைந்து பிரதிகளைக் கூடுதலாகச் செய்து, கடைசியில் சிறந்தவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சால்டர் செய்யும் சட்டங்களுக்குக் கடின மரமோ வெப்பம் தாங்கும் ஓடோ ஏற்றது. அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது என்றாலும் அது வெப்பத்தை உறிஞ்சி வேலையைக் கெடுக்கும்.

சால்டரிங் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதற்கு அஞ்சி சயனோஅக்ரிலேட் பசையோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பசை இழுவிசையைத் தாங்கும், பக்கவாட்டு அடியைத் தாங்காது, 0.3 மி.மீ. கம்பியின் நுனியில் அது பிடித்திருக்கும் பரப்பு மிகக் குறைவு, தூரிகை பட்டாலே கழன்றுவிடும். சால்டர் செய்த மூட்டு உலோகத்தோடு உலோகமாக நிற்கும். ஏற்கெனவே ஒட்டிய மூட்டு அடுத்ததைச் சூடாக்கும்போது விட்டுப்போகிறது என்பதே பொதுவான புகார். இதற்கு வெவ்வேறு உருகுநிலையுள்ள சால்டர்களைப் படிப்படியாகப் பயன்படுத்துவதே தீர்வு: முதல் மூட்டுகளுக்கு 221 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீய-வெள்ளிக் கலவை, அடுத்தவற்றுக்கு 183 பாகையில் உருகும் வெள்ளீய-ஈயக் கலவை, இறுதி மூட்டுகளுக்கு 145 பாகை அளவில் உருகும் குறைவெப்பக் கலவை. சால்டரை மிகச் சிறு துணுக்குகளாக வெட்டி, பிளக்ஸ் என்னும் பற்றுத் துணைப்பொருள் தடவிய மூட்டின் அருகே வைத்துச் சூடாக்கினால் அது தானாகவே இடுக்கில் ஓடி நிரம்பும்; சால்டரிங் இரும்பின் நுனியில் ஏந்திக்கொண்டுபோய் வைத்தால் தேவைக்கு மிஞ்சிப் படிந்து, நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய நுணுக்கத்தை மூடிவிடும். வேலை முடிந்ததும் பிளக்சை முற்றிலும் கழுவ வேண்டும். எஞ்சிய அமிலம் பிற்காலத்தில் வண்ணத்தின் அடியில் பச்சையாகப் பூக்கும். ஈயம் கலந்த சால்டரைக் கையாண்டால் காற்றோட்டமும் கை கழுவுவதும் கட்டாயம்.

ஏணிகள், கிராதிகள், ரேடார் சட்டங்கள், கம்பிச் சுருள் தாங்கிகள் ஆகிய தட்டையான பின்னல் வேலைகளுக்கு ஃபோட்டோ எட்சிங்குக்கு நிகர் எதுவுமில்லை. பித்தளைத் தகட்டின் இருபுறமும் ஒளியுணர் படலம் ஒட்டி, வரைந்த படத்தைப் புறஊதா ஒளியால் பதித்து, கழுவி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால் படலம் காக்காத இடமெல்லாம் கரைந்துவிடும். 0.15 மி.மீ. தகடு உங்கள் அளவுக்குப் பெரும்பாலும் போதும். மனத்தில் கொள்ள வேண்டிய விதி, கரைசல் கீழ்நோக்கி அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அரிக்கிறது என்பது. எனவே கோடுகளை வேண்டிய அகலத்தைவிடச் சற்று அதிகமாக வரைய வேண்டும். தகட்டின் தடிமனைவிடக் குறுகலான கோட்டை எதிர்பார்க்கக் கூடாது. எவ்வளவு கூட்டுவது என்பது உங்கள் கரைசல், வெப்பநிலை, தகடு ஆகிய மூன்றையும் பொறுத்தது. வெவ்வேறு அகலக் கோடுகள் கொண்ட சோதனைத் துண்டு ஒன்றை முதலில் அரித்து அளந்து பார்ப்பதுதான் நேர்வழி. மடிப்பு வரும் கோட்டில் ஒரு புறம் மட்டும் படலத்தை விலக்கினால் பாதியாழப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் மடிப்பின் உட்புறத்தில் அமையும்படி மடிக்க வேண்டும். வளைக்க வேண்டிய பாகங்களை மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் பித்தளை இளகி, சொன்னபடி வளையும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. வேதிக்கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

முப்பரிமாண அச்சுக்கு வருவோம். 405 நானோமீட்டர் ஒளியில் இறுகும் ரெசினைப் பயன்படுத்தும் இயந்திரங்கள் 0.03 மி.மீ. அடுக்குகளில் அச்சிடுகின்றன, கையால் எட்ட முடியாத வளைபரப்புகளும் நுண்வரிகளும் இவற்றில் எளிது. பீரங்கி உடல், தேடொளி விளக்கின் கூடு, காற்றோட்டக் குழல் தலைகள், நங்கூரப் பொறி, திசைகாட்டிப் பீடங்கள் எல்லாவற்றையும் தயக்கமின்றி அச்சிடுங்கள். ஆனால் நம்பகமாக நிற்கும் மெல்லிய சுவர் ஏறத்தாழ 0.3 மி.மீ.; உங்கள் அளவில் அது 29 மி.மீ. எஃகு. ஓர்லிகன் கவசத்துக்கு அச்சு ஏன் ஆகாது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். நீண்ட மெல்லிய குழல்களும் கம்பிகளும் அச்சிட்ட அன்று நேராக இருந்தாலும் நாளடைவில் தொய்ந்து வளைகின்றன. ஆகையால் பருமனான உடலை ரெசினிலும், தகடு, குழல், கம்பி ஆகியவற்றை உலோகத்திலும் செய்து இணைக்கும் கலப்பு முறையையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். கணினி வடிவத்திலேயே குழல் செருகும் துளையையும் பீடத்தின் ஆணித்துளையையும் வைத்துவிடுங்கள். 1/350க்கோ 1/72க்கோ வரைந்த வடிவத்தை அப்படியே சுருக்கியோ பெருக்கியோ அச்சிட வேண்டாம். சுருக்கினால் மெல்லிய பாகங்கள் மறையும், பெருக்கினால் தடிப்பும் சேர்ந்தே பெருகும். தாங்குகால்கள் ஒட்டும் பக்கம் தளத்தில் மறையும் பக்கமாக இருக்கட்டும். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது என்பதால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பித்தளையில் ஒரு மூல உருவைச் செய்து, சிலிக்கோன் அச்செடுத்து, பாலியுரித்தேன் ரெசினில் வார்க்கும் பழைய முறை இன்றும் பயனுள்ளதே. கணினி வரைவில் பழக்கமில்லாதவர்க்கு அதுவே குறுக்கு வழி.

பெரிய பீரங்கிகளின் குழல்கள் லேத் வேலை. 6 அங்குலக் குழல் வாய்த்துளை விட்டத்தைப் போல 50 மடங்கு நீளமுடையது, ஆகவே 7.62 மீட்டர், மாதிரியில் 79.4 மி.மீ., வாய்த்துளை 1.6 மி.மீ. குழலின் சரிவு ஒரே சீராக இல்லாமல் படிகளாக மாறுவதைக் கவனியுங்கள். மூன்று குழல் கூண்டில் நடுக்குழல் மற்ற இரண்டைவிடச் சுமார் 76 செ.மீ. பின்தள்ளி இருந்தது, சேர்ந்து சுடும்போது குண்டுகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருக்கவே அந்த அமைப்பு. மாதிரியில் அது 8 மி.மீ., கண்ணுக்கு நன்றாகவே தெரியும் அளவு. மேலிருந்து பார்க்கும் எவருக்கும் இந்த ஒன்று போதும், நீங்கள் கப்பலை அறிந்து கட்டியிருக்கிறீர்கள் என்று புரிய. பாம்பாமின் எட்டுக் குழல்கள் மேலே நான்கும் கீழே நான்குமாக நிற்கும். அவற்றின் முனையில் உள்ள கூம்பு வடிவச் சுடர்மறைப்பை மெல்லிய விளிம்புடன் கடைந்து, எட்டும் இணையாக நிற்பதற்குத் துளையிட்ட ஒரு தகட்டை முன்புறம் தற்காலிகமாகச் செருகி ஒட்ட வேண்டும்.

படகுகளில் பலரும் செய்யும் குறை, மேல்விளிம்பின் தடிப்பு. 27 அடி வேலர் படகு உங்கள் அளவில் 85.7 மி.மீ. நீளம், இருமுனையும் கூரானது, பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அமைப்புடையது. கட்டையில் உருவைச் செதுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் இழுத்தால் ஓடு போன்ற உடல் கிடைக்கும். பலகை வரிகளை மெல்லிய பட்டைகளாக ஒட்டலாம். உள்ளே விலாக்கட்டைகள், இருக்கைகள், துடுப்புகள் எல்லாம் வர வேண்டும். உயிர்காப்புக்கான கார்லி மிதவைகள், ஹொரேஸ் கார்லி என்ற அமெரிக்கர் 1903இல் காப்புரிமை பெற்ற வடிவம், கித்தான் சுற்றிய வளையங்கள். அந்த வளையத்தைத் தடித்த மென்கம்பியில் வளைத்து, மெல்லிய திசுத்தாளைப் பசையில் நனைத்துச் சுற்றினால் கித்தானின் சுருக்கம் தானாக வரும். அடியில் தொங்கும் கிராதியை எட்சிங் தகட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நங்கூரச் சங்கிலிக்கு ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும்: நடுக்குச்சி உள்ள கண்ணியின் நீளம் கம்பி விட்டத்தின் 6 மடங்கு, அகலம் 3.6 மடங்கு. நகைச் சங்கிலிகளில் பெரும்பாலானவை முறுக்கிய கண்ணிகளுடன் வருவதால் அவை கிடைத்தளத்தில் சரியாகப் படுக்காது. நேர்க் கண்ணிச் சங்கிலியைத் தேர்ந்து, நடுக்குச்சிகளை மென்கம்பியால் இட்டுவிடுங்கள். தளத்தில் பார்வைக்கு வருவது சிறிதளவு நீளம்தான் என்பதால் உழைப்பு எல்லைக்குள் அடங்கிவிடும்.

கைப்பிடி வேலிகளுக்கு எட்சிங் வேண்டாம். 1/350இல் வேலி தட்டையாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது. 1/96இல் பக்கவாட்டில் பார்த்தால் நாடாவைப் போலத் தெரியும். ஏறத்தாழ 1 மீட்டர் உயரமுள்ள தூண்கள் மாதிரியில் 10.4 மி.மீ.; அவற்றைக் கடைந்த பித்தளையிலோ 0.4 மி.மீ. கம்பியிலோ அமைத்து, 0.15 மி.மீ. கம்பியை மூன்று வரிசையாக ஓட்டுங்கள். உண்மையில் அவை வடக்கயிறுகளும் சங்கிலிகளும் என்பதால் தூண்களுக்கிடையே மிக இலேசான தொய்வு இருந்தாலும் குறையில்லை. ஆனால் தூண்கள் சாயவே கூடாது. தளத்தில் துளைகளை டிவைடரால் குறித்து, சட்டம் வைத்து நிமிர்ந்த கோணத்தில் இட வேண்டும்.

வண்ணம் பூசும்போது கெட்டியான ஒரு பூச்சு இதுவரை செய்த வேலையின் பாதியை மறைத்துவிடும். உலோகத்தைத் தேய்த்துக் கழுவி, உலோகத்தைப் பற்றும் பிரைமரை ஏர்பிரஷால் மிக மெல்லிதாகவும், அதன்மேல் நிறத்தை இரண்டு மெல்லிய பூச்சுகளாகவும் இடுங்கள். ஒவ்வோர் உறுப்பின் அடியிலும் ஓர் ஆணி வைத்து, மரத்துண்டில் நட்டுத் தனியே வண்ணம் பூசி, பிறகு தளத்துத் துளையில் செருகுங்கள். உங்கள் கப்பல் ஏறத்தாழ 1.95 மீட்டர் நீளம் வருவதால் அதைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் கை எங்காவது படும். ஆணியால் மட்டும் நிற்கும் உறுப்பைக் கழற்றித் திருத்தலாம், பசையால் நிலைத்ததை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பொருத்தும் வரிசை நடுக்கோட்டிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி வரட்டும்: கூண்டுகள், பாம்பாம்கள், படகுகள், ஓர்லிகன்கள், மிதவைகள், இறுதியாக வேலிகள். கொடிமரக் கம்பிகளை வேலிக்கு முன்பே இழுத்துக் கட்டிவிட வேண்டும்; வேலி எழுந்த பிறகு அங்கே கையை நுழைக்க இடம் இருக்காது.